குளித்த தண்ணீர் கொல்லைக்குப் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கினால் ‘பல் தேய்க்கும்போது குழாயை மூடுங்கள்’ என்ற அறிவுரை எல்லா இதழ்களிலும் வந்துவிடுகிறது. நல்ல அறிவுரைதான், ஆனால் தண்ணீர் பெருமளவில் போவது வேறு வழியில். நகர வீடுகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வழங்கும் கணக்கு. அதில் குளியலுக்கு 55, கழிப்பறைக்கு 30, துணி துவைக்க 20. குடிக்கவும் சமைக்கவும் சேர்த்தே 10 லிட்டர்தான். நான்கு பேர் உள்ள வீட்டில் குளித்த தண்ணீர் மட்டும் 220 லிட்டர். கொஞ்சம் சோப்பு கலந்த இந்தத் தண்ணீரைக் கழிப்பறை நீரோடு சேர்த்துச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, தென்னைக்கும் செம்பருத்திக்கும் போர் தண்ணீரை இறைத்து ஊற்றுகிறோம். கிணற்றடியில் வாழையும் சேம்பும் வைத்த பழைய வீடுகளில் இப்படி நடந்ததில்லை.

2003-இல் தமிழ்நாடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சென்னையில் வடகிழக்குப் பருவமழை மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடும். குளியல் தண்ணீர் நாள் தவறாமல் வரும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்தபோதும், லாரித் தண்ணீர் வாங்கிக் குளித்த வீடுகளிலிருந்து அது வந்துகொண்டுதான் இருந்தது.

தனி வீட்டில் இதைத் தோட்டத்துக்குத் திருப்புவது பெரிய வேலை இல்லை. முதலில் குளியலறைக் குழாயும் கழிப்பறைக் குழாயும் தனித்தனியாக வெளியே வருகின்றனவா என்று பாருங்கள். தனியாக இருந்தால், குளியலறைக் குழாய் சாக்கடைச் சேம்பரில் (கழிவுக் குழாய்கள் கூடும் தொட்டியில்) சேருமுன், சுவரை ஒட்டிய இடத்திலேயே வெட்டி ஒரு ‘டீ’ (மூன்று வாய் உள்ள இணைப்பு) பொருத்தச் சொல்லுங்கள். அதில் ஒரு கிளை தோட்டத்துக்கு, இன்னொன்று சாக்கடைக்கு. தள்ளி வெட்டினால் குழாய் மண்ணுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். பிறகு தோட்டத்துக்கு வாட்டம் கிடைக்காது. பத்தடி ஓட்டத்துக்கு இரண்டு அங்குலமாவது சரிவு வேண்டும். பலர் தவறுவது வால்வில்தான். இரண்டு கிளையிலும் வால்வு வைத்து, இரண்டையும் மூடிவிட்டால் தண்ணீர் குளியலறைக்குள்ளேயே எதிர்த்து நிற்கும். தோட்டக் கிளைக்கு மட்டும் வால்வு போதும். சாக்கடைக் கிளை சற்று மேலே, எப்போதும் திறந்தபடி இருக்கட்டும். தோட்டக் கிளை போய்ச் சேர ஒரு ஜல்லிப் பாத்தி வேண்டும். அது நிறைந்தால் மிச்சம் தானாகச் சாக்கடைக்குப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வால்வை மூடிவிடலாம்.

பாத்தி ஐந்தடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழம். அடியில் ஓரடிக்கு 40 மி.மீ. ஜல்லி, அதன்மேல் அரையடிக்கு 20 மி.மீ. ஜல்லி, மேலே அரையடிக்குப் பெருமணல். இடுக்குகளில் ஏறக்குறைய 300 லிட்டர் தங்கும். நாலு பேர் வீட்டின் ஒரு நாள் குளியலுக்கு அது தாராளம். மேலே கல்வாழை நடுங்கள், சேம்பும் நன்றாக வரும். தண்ணீர் மணலுக்குக் கீழேதான் நிற்க வேண்டும், வெளியே தெரியக் கூடாது; தெரிந்தால் கொசு முட்டையிடும். பாத்திக்கு முன்னால் சிறு தொட்டி கட்டி அதில் வலை வையுங்கள். முடியும் சோப்புப் படிவும் அங்கே சிக்கும், வாரம் ஒரு முறை எடுத்துக் கொட்டலாம். இந்த வலை இல்லாத பாத்திகள்தாம் சில மாதங்களில் அடைத்துக்கொண்டு நாறுகின்றன. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கான பகுதிகளில் தண்ணீர் சட்டென இறங்கிவிடும். களிமண் உள்ள இடத்தில் பாத்தியிலிருந்து ஒரு குழாயை வாழை, தென்னை அடிக்குக் கொண்டுபோக வேண்டும். கிணறு, போர் பக்கத்தில் இதை அமைக்க வேண்டாம். இந்தத் தண்ணீரை டிரம்மில் ஒரு நாளுக்கு மேல் சேர்த்து வைக்கவும் கூடாது; காற்றில்லாமல் அழுகி நாற்றமெடுக்கும்.

வாழை, தென்னை, பப்பாளி, செம்பருத்திக்கு இதைத் தாராளமாக விடலாம். கீரை, முள்ளங்கி, கொத்தமல்லிக்கு வேண்டாம். சோப்பு நீரில் காரத்தன்மை உண்டு. இட்லிப்பூச் செடிக்குத் தொடர்ந்து விட்டால் நரம்பு பச்சையாக இருக்க, இலை மஞ்சளாகும். மண் இறுகித் தண்ணீர் மேலேயே நின்றால் சோடியம் சேர்ந்துவிட்டது என்று பொருள். சதுர மீட்டருக்குக் கால் கிலோ ஜிப்சம் தூவிக் கிளறி, நல்ல தண்ணீர் விடுங்கள். சமையலறைத் தண்ணீரை இதில் சேர்க்கவே வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு மணலை அடைத்துவிடும்.

வாஷிங் மெஷினில் முதல் சுற்றுத் தண்ணீரில் சலவைத்தூள் அதிகம், அது சாக்கடைக்கே போகட்டும். அலசும் தண்ணீரைப் பிடிக்கலாம். மெஷினின் வடிகுழாயை நேராகத் தரையில் போட்டுத் தோட்டத்துக்கு இழுப்பவர்கள் உண்டு. முன்பக்கம் திறக்கும் மெஷின்களில் குழாய் முனை இரண்டரை, மூன்றடி உயரத்தில் நிற்க வேண்டும். தாழ்த்தினால் உள்ளே ஏறும் தண்ணீர் ஏற ஏற வெளியேறிவிடும், துணியும் துவையாது, தண்ணீரும் வீண். அந்த உயரத்தில் ஒரு டிரம் வைத்துப் பிடித்து, அதன் அடிக்குழாயிலிருந்து செடிக்கு விடுங்கள்.

சொட்டுநீர்க் குழாயில் இந்தத் தண்ணீரை விட்டால் சில நாளில் துளைகள் அடைத்துவிடும். அதற்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து சொட்டுநீர் அமைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மணிக்கு 4 லிட்டர் என்று விற்கும் சாதாரணச் சொட்டுவான் (டிரிப்பர்) ஒரு பார் அழுத்தத்தில்தான் அந்த அளவைத் தரும். பத்தடி உயரத் தொட்டியில் கிடைப்பது 0.3 பார். ஆகவே இரண்டு லிட்டர் சொச்சம்தான் வரும். நேரத்தை அதற்கேற்பக் கூட்டாவிட்டால் செடி வாடும். வேரைச் சுற்றி இரண்டு மூன்று அங்குலத்துக்குச் சருகோ தென்னை மட்டைத் தும்போ பரப்பினால் மண் ஈரம் காக்கும். தண்டை ஒட்டிப் போடாதீர்கள், அழுகும்.

ஆர்.ஓ. கழிவு நீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் பரவியிருக்கிறது. வீட்டுக்கு வரும் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 300 என்றால் கழிவில் 400 அளவுக்கு இருக்கும், ஊற்றலாம். போர் தண்ணீர் 1,500 என்றால் கழிவு 2,000-ஐத் தொடும். அது வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் மட்டும்.

ஃபிளஷ் தொட்டியில் கொஞ்சம் மஞ்சள்தூள் கரைத்துவிட்டு அரை மணி நேரம் யாரும் இழுக்காமல் பாருங்கள். கீழே பீங்கானில் மஞ்சள் தெரிந்தால் வாஷர் கசிகிறது. பழைய பத்து லிட்டர் தொட்டியில் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை வைக்கலாம். செங்கல் வைத்தால் கரைந்து வாஷரில் சிக்கும்.

அடுக்குமாடிகளில் பல இடங்களில் குளியலறைக் கழிவும் கழிப்பறைக் கழிவும் ஒரே குழாயில் இறங்குகின்றன. கட்டிய பிறகு அவற்றைப் பிரிப்பது மிகக் கடினம். புதிதாக வீடு கட்டுவோரும் வாங்குவோரும், வரைபடம் முடிவாகும் முன்பே, குளியலறைக்குத் தனிக் குழாய் வேண்டும் என்று பொறியாளரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது அது கூடுதலாக ஒரு குழாய்ச் செலவு. டைல்ஸ் ஒட்டிய பின் கேட்டால் தரையையும் சுவரையும் உடைக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
வாசகர்,
தாம்பரம்.