ஆளைக் காட்ட நிறம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கால்பந்தில் இனவெறி என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் செய்தி வந்தால், அது பெரும்பாலும் கேலரியில் இருப்பவர்களைப் பற்றியதாகத்தான் இருக்கிறது. குரங்கு போலச் சத்தம் போட்டார்கள், வாழைப்பழம் எறிந்தார்கள், இன்ஸ்டாகிராமில் அசிங்கமாக எழுதினார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் விசில் வைத்திருப்பவர்களின் வாயைப் பற்றி யாரும் பேசக் காணோம். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து, கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் திருவிழா டோர்னமென்ட்டுகளுக்கு ரெப்ரியாக, அதாவது நடுவராக, நின்றவன் நான். அதனால் இதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

2020 டிசம்பர் 8 இரவு பாரிஸில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். பாரிஸ் அணியான பி.எஸ்.ஜி.யும் துருக்கியின் பஷாக்ஷெஹிர் அணியும் மோதின. கொரோனா காலம், கேலரியில் ஆள் கிடையாது. அதனால் பயிற்சியாளர்களும் மாற்று வீரர்களும் உட்காரும் பெஞ்சுப் பக்கம் பேசுவதெல்லாம் டி.வி.யில் தெளிவாகவே கேட்டது. நடுவர் குழு ருமேனியாவைச் சேர்ந்தது. பஷாக்ஷெஹிரின் உதவிப் பயிற்சியாளர் பியர் வெபோ, கேமரூன் அணிக்கு ஆடியவர், ஒரு தீர்ப்பை எதிர்த்துச் சத்தம் போட்டார். மைதானத்துக்கு வெளியே நின்று மெயின் ரெப்ரிக்கு உதவும் நான்காம் நடுவர் செபாஸ்டியன் கொல்தெஸ்கு, யார் அந்த ஆள் என்று மெயின் ரெப்ரிக்குச் சொல்லும்போது, தன் மொழியில் 'அந்தக் கறுப்பு ஆள்' என்றார். வெபோவுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று வெபோ திரும்பத் திரும்பக் கேட்டார். சப்ஸ்டிட்யூட்டாக உட்கார்ந்திருந்த டெம்பா பா எழுந்து வந்து, வெள்ளைக்காரர் ஒருவரைச் சொல்லும்போது 'இந்த ஆள்' என்று மட்டும்தானே சொல்வீர்கள், கறுப்பர் என்றால் மட்டும் நிறத்தைச் சேர்த்துச் சொல்வது எதற்கு என்று முகத்துக்கு நேரே கேட்டார். ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, இரண்டு அணியும் மைதானத்தை விட்டு வெளியே போய்விட்டன.

அந்தச் சொல் ருமேனிய மொழியில் சாதாரணமான நிறப்பெயர், வசைச்சொல் இல்லை என்று கொல்தெஸ்குவுக்காகப் பலர் வாதாடினார்கள். இருக்கட்டும். அவர் மனதில் என்ன இருந்தது என்ற ஆராய்ச்சிக்கே நான் போகவில்லை. ரெப்ரி வேலை தெரிந்தவனாக எனக்கு உறுத்துவது வேறு. நான்காம் நடுவர் ஆட்டம் முழுக்க நிற்பதே இரண்டு பெஞ்சுக்கும் நடுவில்தான். அங்கே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது டீம் ஷீட்டில் பெயரோடு, பொறுப்போடு ஆட்டத்துக்கு முன்பே அவர் கைக்கு வந்துவிடும். 'உதவிக் கோச்' என்றிருக்கலாம். 'கோச்சுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்' என்றிருக்கலாம். பேசாமல் நடந்து போய்ப் பக்கத்தில் நின்றிருந்தாலும் போதும். அதற்கும் மேலே, பெஞ்சில் தப்புச் செய்தது யார் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், அங்கே இருக்கும் மூத்த பயிற்சியாளருக்கே அட்டை காட்டிவிடலாம் என்று 2019-லேயே விதி வந்துவிட்டது. ஆக ஆளைத் தெரியவில்லை என்றாலும் வழி இருக்கிறது. இத்தனையும் இருக்க, முதலில் வாயில் வந்தது தோலின் நிறம். யூரோப்பிய அளவில் பயிற்சி பெற்ற நடுவருக்கே இந்தப் பழக்கம் போகவில்லை என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

அன்றிரவே வேறு ஒரு நான்காம் நடுவரைப் போட்டு ஆட்டத்தைத் தொடரலாம் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ சொல்லிப் பார்த்தது. பஷாக்ஷெஹிர் வீரர்கள் இறங்கவில்லை. மறுநாள் நெதர்லாந்தின் டேனி மக்கெலி தலைமையில் புதிய குழு வந்தது. இரு அணியினரும் நடுவர்களும் நடுவட்டத்தைச் சுற்றி முழங்காலிட்டார்கள், அப்புறம் விட்ட இடத்திலிருந்து ஆட்டம். பி.எஸ்.ஜி. 5-1 என்று ஜெயித்தது, நெய்மாருக்கு ஹாட்ரிக். ஸ்கோர் யாருக்கும் நினைவிருக்காது.

கொல்தெஸ்குவுக்கு 2021 மார்ச்சில் தண்டனை வந்தது. ஜூன் மாத இறுதி வரை சஸ்பெண்ட், கூடவே ஒரு பயிற்சி வகுப்பு. 'தகாத நடத்தை' என்ற பிரிவில் முடித்துவிட்டார்கள். இனவெறிக்கான பிரிவில் போட்டிருந்தால் குறைந்தது 10 ஆட்டத் தடை வந்திருக்கும். வேண்டுமென்றே அவமதித்தார் என்று நிரூபிக்க முடியாத நிலையில் இது நியாயம்தான் என்பேன். அவரை வில்லனாக்கி ஒருவருக்கும் லாபமில்லை.

கோளாறு இருப்பது நடைமுறையில். இனவெறிக் கூச்சல் எழுந்தால் மூன்று படி என்று வைத்திருக்கிறார்கள்: முதலில் ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்பு, பிறகு வீரர்களை உள்ளே அனுப்பிச் சிறிது நேர இடைவேளை, அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டம் ரத்து. மூன்று படியிலும் முடிவெடுப்பது யார்? ரெப்ரி. புகாரே ரெப்ரி குழுவின் மேல் என்றால் வீரன் எங்கே போவான்? திருடனையே ஸ்டேஷனில் உட்கார வைத்து எஃப்.ஐ.ஆர். எழுதச் சொல்வது போன்ற நிலைமை. அந்த இரவில் வெபோவுக்கு முதலில் கிடைத்தது சிவப்பு அட்டைதான். வீரர்கள் தாங்களாகவே வெளியே போனதால்தான் விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது. காலி மைதானமாக இல்லாமல் நாற்பதாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்தால், அந்தச் சொல் யார் காதிலும் விழுந்திருக்காது.

இதில் நடுவருக்கும் பாதுகாப்பு வேண்டும். 2012 அக்டோபரில் செல்சி - மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்தில் மார்க் கிளாட்டன்பர்க் இனவெறியோடு பேசினார் என்று செல்சி புகார் கொடுத்தது. விசாரித்த இங்கிலாந்து கால்பந்துச் சங்கம், ஆதாரமில்லை என்று அவரை விடுவித்தது. அதற்குள் அந்த மனிதர் வாரக்கணக்கில் விசில் தொடாமல் வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. நடுவர்கள் தங்களுக்குள் மைக்கில் பேசுவதை முழுசாகப் பதிவு செய்து, ஆட்டம் முடிந்ததும் ரெப்ரிகளுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

நடுவர் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் யூரையா ரெனி 2008-ல் ஓய்வு பெற்ற பிறகு, அடுத்த கறுப்பின ரெப்ரியாக சாம் ஆலிசன் விசில் ஊதியது 2023 டிசம்பரில். நடுவே 15 வருடம். ஆடுகிறவர்களில் எத்தனை பேர் கறுப்பர்கள் என்று டி.வி. போட்டாலே தெரியும்.

சரி, நம் பக்கம் வருவோம். கேரளத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து ஆட வரும் ஆப்பிரிக்கர் கானாவோ, ஐவரி கோஸ்ட்டோ, நைஜீரியாவோ, மலபார் பக்கம் எல்லோருக்கும் ஒரே பெயர்: சுடானி, அதாவது சூடான்காரர். அந்தப் பேச்சு எல்லை தாண்டி இங்கேயும் வந்துவிட்டது. நான் ரெப்ரியாக இருந்த ஒரு டோர்னமென்ட்டில், மேஜையில் இருந்தவர் டீம் லிஸ்ட்டைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தார். உள்ளூர்ப் பையன்களுக்கு அப்பா பெயரின் முதலெழுத்தோடு முழுப் பெயர். கடைசி இரண்டு வரியில் 'சுடானி 1', 'சுடானி 2'. ஒன்பதாம் நம்பர் ஆட்டக்காரருக்கு நான் மஞ்சள் கார்டு காட்டியதும் நோட்டில் 'சுடானி 2 - மஞ்சள்' என்று ஏறியது. இடைவேளையில் அவர் தண்ணீர் குடிக்க மேஜைக்கு வந்தவர், இதில் என் பெயர் எது என்று கேட்டார். காட்டி, வாசித்தும் காட்டினார்கள். பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டுத் தன் பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதினார். பக்கத்தில் ஊர்ப் பெயரையும் எழுதினார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் பாதியில் கமென்டரி மைக்கில் மறுபடியும் 'சுடானி' தான். நான் போய்ச் சொன்ன பிறகு 'ஒன்பதாம் நம்பர்' என்று மாறியது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதே ஆட்டக்காரருக்கு இரவு மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டவர்களும் அவர்கள்தான்.

2024 மார்ச்சில் மலப்புரம் மாவட்டத்தில் ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவர், நிறத்தைச் சொல்லித் திட்டி அடித்தார்கள் என்று போலீஸில் புகார் கொடுத்தார். அதைச் செய்தது பார்வையாளர்கள். ஆனால் மேஜையில் இருக்கிறவரும் மைக்கில் இருக்கிறவரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒருவரை கேலரிக்காரன் மட்டும் எப்படிக் கூப்பிடுவான்? (பேலே என்றால் 'கறுப்பு முத்து' என்று எழுதாமல் இருக்க முடியாத பத்திரிகை நண்பர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.)

டோர்னமென்ட் கமிட்டிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வரும் சீசனில் வெளிநாட்டு ஆட்டக்காரரின் பெயரை அவருடைய பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே டீம் லிஸ்ட்டில் அச்சடியுங்கள். பெயர் இல்லாதவரை ரெப்ரி உள்ளே விட வேண்டாம். லைன்ஸ்மேனும் மேஜைக்காரரும் ஆளை நம்பரில்தான் சொல்ல வேண்டும் என்று ஆட்டத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் சொல்லிவிடுங்கள். ரெப்ரியின் பேச்சு பற்றிப் புகார் வந்தால் கேட்க, ரெப்ரி அல்லாத ஒருவரை நியமியுங்கள். அவருடைய மொபைல் நம்பரை அதே லிஸ்ட்டின் அடியில் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கன்னியாகுமரி மாவட்டம்