மாடி வரட்டும், திண்ணையும் இருக்கட்டும்

கிருஷ்ணகிரி நகராட்சித் தலைவர், ஆணையர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழையபேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் வீடு 14 அடி அகலம், 70 அடி நீளம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். முன்னால் திண்ணை, அதில் இரண்டு கல்தூண். அப்பா கடைக் கணக்கை அங்கே உட்கார்ந்துதான் எழுதுவார்.

பாகப்பிரிவினைக்குப் பிறகு போன வருடம் அதை இடித்துவிட்டுக் கட்டினோம். வரைபடம் போட்டவர் கீழே முழுக்க பார்க்கிங், மேலே மாடிகள், முகப்பில் நீலக் கண்ணாடி என்றார். கல்தூண்களை என்ன செய்வது என்று கேட்டேன். "பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடுங்க சார்" என்றார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். இப்போது அம்மா சாயங்காலம் ஷட்டர் ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருகிறார். பைக் வந்தால் எழுந்து நாற்காலியை நகர்த்த வேண்டும். பூக்காரம்மா முன்பெல்லாம் திண்ணையில் கூடையை இறக்கிவைத்துப் பேசிவிட்டுப் போவார். இப்போது நிற்காமல் போய்விடுகிறார்.

மாடி கட்டக் கூடாது என்று நான் எழுதவில்லை. ஊருக்குள் நெருக்கமாகக் கட்டத்தான் வேண்டும். இல்லாவிட்டால் ஊர் புறவழிச்சாலை ஓரமாகவே நீண்டுகொண்டு போகும், மாந்தோப்புகள் மனைப்பிரிவுகளாகும். ஒரு மனையில் மூன்று குடும்பம் இருந்தால் பஸ் ஸ்டாண்டும் சந்தையும் அத்தனை பேருக்கும் நடை தூரம். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் சாதாரண உயரக் கட்டடங்களுக்கே, எல்லா மாடியும் சேர்த்து, மனைப்பரப்பைப் போல் இரண்டு மடங்கு தளப்பரப்பை அனுமதிக்கின்றன. பேட்டை என்றாலே நெருக்கம்தானே. எங்கள் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டித்தான் வாழ்ந்தோம், யாருக்கும் மூச்சு முட்டவில்லை. ஒவ்வொரு வீடும் தெருவுக்கு ஒரு நிழலும் உட்கார ஓர் இடமும் கொடுத்தது. புதுக் கட்டடங்கள் ஷட்டரைத்தான் காட்டுகின்றன.

அப்புறம், கல். இந்த மாவட்டத்தில் மல்லச்சந்திரம் மலைமேல் கல்திட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். பலகைக் கற்களை நட்டு, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்த பெருங்கற்காலச் சின்னங்கள். அந்தக் காலத்திலிருந்து இது கல் ஊர். கிருஷ்ணகிரி என்ற பெயருக்கே கரிய மலை என்று பொருள் சொல்வார்கள். இங்கே வெட்டும் கிரானைட் கப்பலேறி வெளிநாடு போகிறது. நாமோ கடைவீதியில் ஏசிபி ஷீட் என்ற அலுமினியப் பூச்சுத் தகட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த ஷீட்டை எந்த ஊரிலும் ஒட்டலாம், பார்த்தால் கிருஷ்ணகிரி என்று தெரியாது. கட்டடம் முழுக்கக் கல்லில் வேண்டும் என்று கேட்கவில்லை, செலவு தாங்காது. தெருவைத் தொடும் மூன்றடி உயரமும் திண்ணைத் தூணும் நம்மூர்க் கல்லாக இருந்தால் போதும். வண்டி உரசினாலும் மழைத்தண்ணீர் தெறித்தாலும் அது தாங்கும்.

மன்றம் செய்யக்கூடியது இருக்கிறது. 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தில் ஒரு சிறு பகுதிக்கென்றே விரிவான வளர்ச்சித் திட்டம் போட வழி உண்டு. நகர் ஊரமைப்பு அலுவலகத்தோடு பேசி, பழையபேட்டைக்கு அப்படி ஒன்று கேளுங்கள். சுவர் ஒட்டிக் கட்டும் பழைய முறை அங்கே தொடரட்டும். தரைத்தளத்தின் தெருப்பக்கம் கடையோ திண்ணையோ வாசலோ இருக்கட்டும், முழு ஷட்டர் வேண்டாம். கோட்டை மலையைப் பார்த்துப் போகும் தெருக்களில் மேல்மாடிகள் கொஞ்சம் உள்வாங்கி நிற்கட்டும். பள்ளிக்கூடம் போகும்போது தெரு முனையில் மலை தெரிந்தால் இன்று வெயிலா மேகமா என்று சொல்லிவிடுவோம். இப்போது ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஒரு விளம்பரப் பலகையும் அதை மறைத்துவிட்டன.

வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 14 அடி வீட்டின் அடியில் ஒரு கார் நுழைந்தாலே தரைத்தளத்தின் தெருப்பக்கம் பெரும்பாலும் அதற்கே போய்விடுகிறது. நாலைந்து தெருக்களுக்குச் சேர்த்து நகராட்சி இடத்தில் பொது நிறுத்துமிடம் அமைத்து மாத வாடகை வாங்குங்கள். முதல் ஆளாக நான் பணம் கட்டுகிறேன்.

கல்தூண்களை நான் விற்கவில்லை. அத்தை வீட்டு மாட்டுக்கொட்டகையில் படுத்துக் கிடக்கின்றன. திட்டம் வந்தால் ஷட்டரைக் கழற்றிவிட்டு அவற்றைத் திரும்ப நட நான் தயார். கொத்தனாரிடமும் பேசி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பழையபேட்டைவாசி ஒருவன்