முறிகண்டிக் கச்சான் கடை அக்காவுக்கு

அம்மா நித்திரை. நேற்று வீட்டிலிருந்து காணாமல் போனவர், முறிகண்டியில் கிடைத்துவிட்டார். நேற்றுப் பகல் முழுக்க என்ன நடந்தது என்பது உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைத் திரும்பச் சொல்லும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஓட்டத்தை விட்டுவிட்டு எங்களோடு தேடித் திரிந்த இரணைமடுச் சந்தி ஓட்டோத் தம்பிமார், ஒலிபெருக்கியில் அறிவித்த கோயில்காரர், அம்மாவின் படத்தைப் போனுக்குப் போன் அனுப்பியவர்கள், பிறகு அறிவியல் நகர்ப் பல்கலைக்கழகப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் தமிழ் வராத இரண்டு சிங்களப் பிள்ளைகளும் கடை கடையாய்ப் படத்தைக் காட்டிக்கொண்டு போனார்களாம். "முறிகண்டியில ஒரு அம்மா இருக்கிறா, உங்கட ஆளோ பாருங்கோ" என்று முதலில் போன் எடுத்தவர் ஒரு பஸ் கண்டக்டர். பதற்றத்தில் அவருடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

ஆனால் ஒருவரைப் பற்றித் தனியே எழுதாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் கச்சான் கடை வைத்திருக்கும் அக்கா. நான் போய் இறங்கியபோது அம்மா அவருடைய கடைக்குள் கதிரையில் இருந்தார். காலில் செருப்பில்லை. தார் வீதியில் நடந்து கொப்பளித்த பாதம் இரண்டும் ஒரு பேசின் தண்ணீருக்குள். மடியில் சுளகு, சுளகில் வறுக்காத கச்சான். கறுத்ததையும் சூம்பினதையும் சுட்டுவிரலால் ஓரத்துக்கு ஒதுக்குகிறார். பிறகு சுளகைத் தூக்கி இரண்டு புடை புடைக்கிறார். மண் தனியாகப் பறக்கிறது, ஒரு கச்சான்கூட வெளியே விழவில்லை. என் பெயரை மறந்த அம்மா, சாப்பிட்டதையே மறந்துபோகிற அம்மா. சுளகைப் பிடித்த பிடி மட்டும் நான் சின்னப் பிள்ளையில் பார்த்த அதே பிடி.

அம்மா அங்கே தன் தங்கச்சியைத் தேடிப் போயிருக்கிறார். சின்ன வயதில் அம்மம்மா இருவரையும் முறிகண்டிக்குக் கூட்டிப் போவாராம். சின்னம்மா 2009இல் எங்களோடு திரும்பி வரவில்லை. கடைக்கு முன்னால் நின்று அம்மா சின்னம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, அந்த அக்கா "ஆரம்மா நீங்கள்? எந்த இடம்?" என்று ஒன்றுமே கேட்கவில்லை. "ஓம் அக்கா, நான்தான். வெயிலுக்குள்ள நிக்காதேங்கோ. இந்தக் கச்சானைப் புடைச்சுத் தாங்கோ, முடியச் சேர்ந்து போவம்" என்றாராம்.

நாலு மணித்தியாலம். பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் அம்மா எழும்பப் பார்ப்பாராம். உடனே அந்த அக்கா இன்னொரு பேணி கச்சானைச் சுளகில் கொட்டிவிடுவாராம். பஸ் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவருக்கு வியாபாரம். அந்த நேரத்தில்தான் என் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இரவு முழுக்க இதையே யோசித்தேன். அம்மா வழி தவறிப் போகவில்லை. வழி அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடினோம், 2008இல் திரும்பவும் ஓடினோம். 2010இல் வந்து பார்த்தபோது எங்கள் வளவில் கிணறு மட்டும்தான் மிச்சம். ஏ9 வீதி இப்போது வழுவழு என்று கிடக்கிறது. யாழ்தேவி ரயிலும் 2013இலேயே கிளிநொச்சிக்குத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் முறிகண்டியில் பஸ் இன்றைக்கும் நிற்கிறது. சனம் இறங்கிக் கற்பூரம் கொளுத்துகிறது, தேங்காய் உடைக்கிறது. வறுத்த கச்சான் அன்றைக்குப் போலவே மணக்கிறது. அம்மாவுக்கு இடமெல்லாம் அதே இடம். முகங்கள்தான் பிடிபடவில்லை. எனக்கு நரை விழுந்துவிட்டது, அவர் தேடுவது இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளையை.

இதுவரை நான் செய்துவந்தது பிழை. அம்மா சின்னம்மாவைக் கேட்கும்போதெல்லாம் "அவ இல்லையம்மா" என்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் புதுச் செத்தவீடு போல அழுவார். நாலு மணித்தியாலம் அவரை அழவிடாமல் வைத்திருக்க, அவரை முன்பின் தெரியாத ஒருவருக்கு முடிந்திருக்கிறது. இனி நானும் "வெயில் இறங்கட்டும், சேர்ந்து போவம்" என்றுதான் சொல்வேன்.

அக்கா, நீங்கள் காசை வாங்கவில்லை. நான் நீட்டியதைத் தள்ளிவிட்டு, ஒரு சரை கச்சானையும் அம்மாவின் கையில் வைத்தீர்கள். "இடைக்கிடை கூட்டிக்கொண்டு வாங்கோ, அவவின்ர சுளகு இங்கதான் இருக்கும்" என்றீர்கள். அந்தச் சரையை அம்மா இன்னும் பிரிக்கவில்லை. தங்கச்சிக்காம். தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலையில் வருகிறோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நேரே உங்கள் கடைக்குத்தான். அம்மா உங்களை எந்தப் பெயரில் கூப்பிடுவாரோ, நானும் அன்றைக்கு அந்தப் பெயரோடு சேர்த்துச் சின்னம்மா என்று கூப்பிடுகிறேன்.