பேராசிரியருக்கு மாணவர் போடும் மதிப்பெண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் தம் பேராசிரியையைப் பற்றி மனம் வெதும்பி எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் படித்தேன். அந்த அம்மையார் குறிப்புகளைச் சொல்லி எழுத வைப்பதில்லை, பலகையில் ஒரு கணக்கை எழுதிப் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து செய்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வகுப்பைச் சுற்றி வருகிறார், சந்தேகம் கேட்டால் பதிலுக்கு இன்னொரு கேள்வியைக் கேட்கிறார் என்பவை அவருடைய குறைகள். செமஸ்டர் முடிவில் கல்லூரி கொடுத்த கருத்துப் படிவத்தில் வகுப்பில் பெரும்பாலோர் அவருக்கு ஐந்துக்கு ஒன்றும் இரண்டுமாகத்தான் போட்டார்கள் என்றும், அதற்குப் பிறகும் அடுத்த செமஸ்டருக்கு அவரே வருகிறார் என்றால் எங்கள் கருத்தை எதற்காகக் கேட்டார்கள் என்றும் அம்மாணவர் கேட்டிருந்தார்.

அவருடைய கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பேராசிரியையைப் பற்றி அவர் வந்து சேர்ந்திருக்கும் முடிவு சரிதானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. நான் இயந்திரப் பொறியியல் துறையில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன். மாணவர்கள் எழுதிய கருத்துகளால் திருந்தியும் இருக்கிறேன், புண்பட்டும் இருக்கிறேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

மாணவனுக்கு என்ன தெரியும், அவன் வந்து நமக்கு மார்க் போடுவதா என்று ஆசிரியர்கள் அறையில் பேசக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சில் எனக்கு ஒருநாளும் உடன்பாடு இருந்ததில்லை. ஒரு செமஸ்டரில் 40 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓர் ஆசிரியரை எதிரில் உட்கார்ந்து பார்ப்பவர் மாணவர் மட்டுமே. துறைத் தலைவர் ஒரு முறை வாசலில் நின்று பார்த்தால் அதிகம். குரல் கடைசி பெஞ்சு வரை எட்டுகிறதா, எழுதி முடிப்பதற்குள் பலகையை அழித்துவிடுகிறாரா, திருத்திய தாளைத் திருப்பித் தரும்போது எங்கே தவறு என்று காட்டுகிறாரா, சந்தேகம் கேட்டவரை எல்லோர் முன்னிலையிலும் கூனிக் குறுக வைக்கிறாரா, நடத்தாததைத் தேர்வில் கேட்கிறாரா என்பவற்றுக்கெல்லாம் மாணவரை விட நம்பத்தக்க சாட்சி யாரும் இல்லை. இவற்றைப் பற்றி ஒரு வகுப்பே ஒரே குரலில் சொன்னால், அந்த ஆசிரியர் எவ்வளவு பெரிய படிப்பாளியாக இருந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். உத்தரத்தின் மேல் சுமை ஏறும்போது அதன் ஒவ்வோர் இடத்திலும் உள்ளே எழும் விசைகளைக் கணக்கிட்டு, ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமென்ட் வரைபடங்களை வரையக் கற்றுக்கொடுக்கும் பாடத்தை நான் 11 ஆண்டுகள் தொடர்ந்து நடத்தியிருந்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடலாம் என்ற நினைப்பு எனக்கு. ஒரு நாள் வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருந்தபோது, இன்று எந்த இடம் புரியவில்லை என்று பெயர் போடாமல் ஆளுக்கு ஒரு துண்டுத் தாளில் எழுதித் தரச் சொன்னேன். பெரும்பாலான தாள்களில் எல்லாம் புரிந்தது என்றோ, கொஞ்சம் மெதுவாக நடத்துங்கள் சார் என்றோ இருந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளில் மட்டும் யாரோ பென்சிலால் சிறிய உத்தரம் ஒன்றை வரைந்து, அதன் நடுவே வெட்டுக் கோடு போட்டு, கீழே இப்படி எழுதியிருந்தார்: “இடது துண்டை எடுத்தபோது மேல்நோக்கிய விசைக்குப் பிளஸ் போட்டீர்கள். வலது துண்டை எடுத்தபோது அதே மேல்நோக்கிய விசைக்கு மைனஸ் போட்டீர்கள். ஏன் என்று சொல்லவில்லை. நான் மனப்பாடம் செய்துகொண்டேன்.”

அந்தத் தாளை வெகு நேரம் கையில் வைத்திருந்தேன். உத்தரத்தை ஓர் இடத்தில் வெட்டினால், வெட்டுப்பட்ட இரு முகங்களிலும் தோன்றும் விசைகள் அளவில் சமமாகவும் திசையில் எதிராகவும் இருக்கும். ஆகவே ஒரே உள்விசை இடது துண்டின் முகத்தில் ஒரு திசையிலும் வலது துண்டின் முகத்தில் எதிர்த் திசையிலும் தெரியும். குறி மாறுவது அதனால்தான். பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான் இது. எனக்கு இது அவ்வளவு பழகிப்போயிருந்ததால், சொல்ல வேண்டிய ஒன்று என்றே தோன்றவில்லை, 11 ஆண்டுகளும் சொல்லாமலே நடத்தியிருக்கிறேன். குறிகளை உருப்போட்டுத் தேர்ச்சி பெற்றுப் போன பழைய மாணவர்களின் முகங்கள் அன்று மாலை முழுவதும் என் கண்முன் வந்துகொண்டிருந்தன. மறுநாள் இரண்டு துண்டுகளையும் பக்கம் பக்கமாக வரைந்து, வெட்டிய முகங்களில் அம்புக்குறி போட்டுப் பத்து நிமிடம் விளக்கினேன். அதே செமஸ்டரின் முடிவில் வந்த அலுவலகப் படிவத்தில், பாடத்தில் ஆசிரியரின் ஆழம் என்ற கட்டத்துக்கு நேரே 4.3 என்ற எண் இருந்தது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என் பாடத்தில் ஒரு வரியைக்கூட நான் மாற்றியிருக்க முடியாது.

இனி, மாணவரால் அந்த நேரத்தில் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. தாம் எவ்வளவு கற்றோம் என்பதுதான் அது. வகுப்பில் சரளமாகக் கேட்டுக்கொண்டு போகும்போது எல்லாம் புரிந்ததுபோலத்தான் இருக்கும். தனியே கணக்கில் கை வைத்தால்தான் புரியாதது தெரியவரும். 1970-இல் அமெரிக்காவில் ஒரு நடிகரை டாக்டர் ஃபாக்ஸ் என்ற பெயரில் நிபுணராக அறிமுகப்படுத்தி, மனநல மருத்துவர்களும் கல்வியாளர்களும் கூடியிருந்த அவையில் பேச வைத்தார்கள். முன்னுக்குப்பின் முரணான பேச்சு அது. ஆனால் கலகலப்பாகவும் நம்பிக்கையோடும் பேசியதால் கேட்டவர்கள் அவருக்கு நல்ல மதிப்பீடே கொடுத்தார்கள். படித்துப் பட்டம் பெற்றவர்களே அப்படி ஏமாந்தார்கள் என்றால், இரண்டாம் ஆண்டு மாணவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

பொறியியல் கல்விக்கு இன்னும் நெருக்கமான சான்று அமெரிக்க விமானப்படைக் கல்லூரியிலிருந்து கிடைக்கிறது. அங்கே மாணவர் எந்த ஆசிரியரிடம் படிப்பது என்பதைத் தாமே தேர்ந்தெடுக்க முடியாது. எல்லாப் பிரிவுகளுக்கும் பாடத்திட்டமும் தேர்வும் ஒன்றே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் விவரங்களை ஆராய்ந்து கேரல், வெஸ்ட் என்ற இருவர் 2010-இல் வெளியிட்ட கட்டுரை, முதல் கால்குலஸ் பாடத்தில் மாணவர்களிடம் உயர்ந்த மதிப்பீடு பெற்ற ஆசிரியர்களின் மாணவர்கள் அந்தப் பாடத்தின் தேர்வில் நன்றாகச் செய்தாலும், அதை அடிப்படையாகக் கொண்ட அடுத்தடுத்த கணித, பொறியியல் பாடங்களில் பின்தங்கினார்கள் என்று காட்டியது. எங்கள் படிப்பே படிக்கட்டுபோல அமைந்தது. ஸ்டாட்டிக்ஸில், அதாவது அசையாமல் நிற்கும் பொருள்களின் மேல் செயல்படும் விசைகளைப் பற்றிய பாடத்தில், விட்டது உத்தரக் கணக்கில் இடிக்கும். உத்தரக் கணக்கில் விட்டது இயந்திர வடிவமைப்பில் காலை வாரிவிடும். அன்று இனித்த ஆசிரியரையும் கசந்த ஆசிரியரையும் பற்றி மாணவர் உண்மையில் தீர்ப்புச் சொல்லக்கூடியது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். அப்போது அவரை யாரும் கேட்பதில்லை.

கடிதம் எழுதிய மாணவர் குறிப்பிடும் முறையைப் பற்றியே நேரடியான சோதனையும் உண்டு. 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் ஒரே பாடத்தை ஒரு பிரிவினருக்குத் தேர்ந்த விரிவுரையாகவும், இன்னொரு பிரிவினருக்குத் தாமே கணக்குச் செய்து விவாதிக்கும் முறையிலும் நடத்தினார்கள். தாமே செய்து பார்த்தவர்கள் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றார்கள். ஆனால் எவ்வளவு கற்றீர்கள் என்று கேட்டபோது, விரிவுரை கேட்டவர்களே அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். முட்டி மோதிச் செய்யும்போது ஏற்படும் தடுமாற்றத்தை மாணவர் தம் குறையாகவோ ஆசிரியரின் குறையாகவோ எண்ணிக்கொள்கிறார். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் வெளியான கட்டுரை, வெறும் விரிவுரை நடந்த வகுப்புகளில் ஏறத்தாழ 34 விழுக்காட்டினரும், மாணவரைச் செய்ய வைத்த வகுப்புகளில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினரும் தோல்வியடைந்ததாகக் கணக்கிட்டது. அந்த அம்மையார் நோட்ஸ் கொடுக்காமல் இருப்பது சோம்பலால் என்று முடிவு கட்டுவதற்கு முன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில், நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதுதான் ஆசிரியருக்கு மிகக் குறைந்த உழைப்பு.

அவர் பெண் என்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் இணையவழி வகுப்பு ஒன்றில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆளுக்கு ஒரு பிரிவில் தம் அடையாளத்தை மாற்றிக்கொண்டு பாடம் நடத்தினார்கள். ஆண் என்று மாணவர்கள் நம்பியவருக்கு மதிப்பீடு உயர்ந்தது. தாள்களை இருவரும் ஒரே கால அளவில்தான் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் உரிய நேரத்தில் தருகிறார் என்பதில்கூட ஆணாக அறியப்பட்டவரே முந்தினார். அது சிறிய சோதனைதான், 43 மாணவர்கள். ஆயினும் எங்கள் துறையில் பெண் பேராசிரியர்களுக்கு வந்த படிவங்களைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் அது எனக்கு வியப்பளிக்கவில்லை. நான் கண்டிப்பாக இருந்தபோது ஸ்ட்ரிக்ட் என்று எழுதினார்கள். என் சக பேராசிரியை அதே அளவு கண்டிப்பாக இருந்தபோது சிடுசிடுப்பு என்று எழுதினார்கள்.

என்னை மிகவும் வருத்தியது அந்த எண்களை நிர்வாகங்கள் கையாளும் விதம். ஒரு காலத்தில் நான் பணியாற்றிய இடத்தில், ஆசிரியர்களின் சராசரிகளை வரிசைப்படுத்தித் துறைக் கூட்டத்தில் வாசித்தார்கள். வெப்ப இயக்கவியல் நடத்துபவரையும், எல்லோரும் விரும்பிச் சேரும் விருப்பப் பாடம் நடத்துபவரையும் ஒரே பட்டியலில் வைத்தார்கள். அறுபது பேர் வகுப்பில் பன்னிரண்டு பேர் மட்டும் நிரப்பிய படிவத்துக்கும் சராசரி போட்டார்கள். பட்டியலில் கீழே இருந்த இளம் ஆசிரியர் ஒருவர் அடுத்த செமஸ்டரில் தேர்வுத்தாளை எளிதாக்கினார், முக்கியக் கேள்விகள் என்று பத்தைக் கொடுத்தார், பட்டியலில் மேலே வந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிழைக்க வேண்டும் அல்லவா. கனடாவில், அன்று ரயர்சன் என்ற பெயரில் இருந்த பல்கலைக்கழகத்தில், ஆசிரியர் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையே நடந்த வழக்கில் 2018-இல் தீர்ப்பளித்த நடுவர், பதவி உயர்வுக்காகவும் பணி நிரந்தரத்துக்காகவும் கற்பித்தல் திறனை அளக்க மாணவர் மதிப்பீட்டுச் சராசரிகளைப் பயன்படுத்தக் கூடாது என்றார். ஆனால் மாணவர் அனுபவத்தைக் கேட்டறிவதைத் தடுக்கவில்லை. அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன்.

கேட்கும் காலத்தை முதலில் மாற்ற வேண்டும். செமஸ்டர் முடிந்த பிறகு கேட்பதால், சொன்ன மாணவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நான்காவது, ஐந்தாவது வாரத்தில் அந்த ஆசிரியரே கேட்க வேண்டும். அடுத்த வகுப்பில், நீங்கள் சொன்னதில் இன்னின்னதை மாற்றுகிறேன், இதை மாற்றப் போவதில்லை, காரணம் இது என்று மாணவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மாணவரின் கடிதத்தில் நான் கண்ட உண்மையான காயம் இதுதான்: கேட்டார்கள், பதில் சொல்லவில்லை. படிவத்திலும் ஆசிரியர் சிறந்தவரா, உங்களுக்குத் திருப்தியா என்ற கேள்விகளை எடுத்துவிட்டு, கண்ணால் கண்டதைக் கேட்கலாம். கற்பித்தல் திறனை எடை போட வேண்டியிருந்தால், அந்தப் பாடம் தெரிந்த சக ஆசிரியர் இருவர் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கட்டும். வினாத்தாளையும் திருத்திய தாள்களையும் வாங்கிப் பார்க்கட்டும். இறுதியாண்டு மாணவர்களை அழைத்து, முன்பு படித்த எந்தப் பாடம் இன்று கைகொடுக்கிறது என்று கேட்கட்டும்.

அந்த மாணவர் இதைப் படித்தால், அவருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குறை முழுவதும் தவறு என்று நான் சொல்லவில்லை. கணக்கைக் கொடுத்துவிட்டுச் சுற்றி வரும் ஆசிரியர் இறுதியில் பலகைக்குத் திரும்பி, எந்த வழி சரி, எந்த இடத்தில் பலர் தவறினார்கள் என்று தொகுத்துச் சொல்லாமல் மணி அடித்ததும் போய்விட்டால், அந்த முறை பாதியில் நின்றுவிட்டது என்று பொருள். உங்கள் பேராசிரியை அப்படித் தொகுத்துச் சொல்கிறாரா? கணக்குச் செய்ய எத்தனை நிமிடம் விடுகிறார், அது போதுகிறதா? அவர் திருப்பிக் கேட்கும் கேள்வியிலிருந்து அடுத்த படிக்குப் போக உங்களால் முடிகிறதா, எந்தக் கணக்கில் முடியாமல் நின்றீர்கள்? இவற்றை ஒரு தாளில் எழுதி, பெயர் போடாமலே அவர் மேசையில் வையுங்கள். முடிந்தால் நின்றுபோன அந்தக் கணக்கின் படத்தையும் பென்சிலால் வரைந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியியல் பேராசிரியர் ஒருவர்