பள்ளி வாசலில் 50 மீட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயனாவரத்தில் 22 வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறேன். காலையும் மாலையும் ஸ்கூல் சவாரி, நடுவில் ஸ்டாண்டு. ஆரம்பத்தில் ஒரு நடைக்கு எட்டுப் பிள்ளைகளை ஏற்றுவோம். சட்டப்படி தப்புதான், அன்றைக்கு எல்லோரும் செய்தோம். இப்போது ஐந்து பேர் ஏறினாலே ஓரத்தில் இருப்பவனுக்கு அரை சீட்டுதான் கிடைக்கிறது. பையும் பெருத்துவிட்டது, பிள்ளைகளும் பெருத்துவிட்டார்கள்.

ஸ்டாண்டில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான் நானும், என் பேரன் கழுத்தைப் பார்க்கும்வரை. மகள் வயிற்றுப் பேரன், ஐந்தாம் வகுப்பு. பிடரியில் பட்டையாக ஒரு கறுப்பு. அழுக்கு என்று நினைத்து என் வீட்டுக்காரி பயத்தமாவு போட்டுத் தேய்த்தாள், அப்புறம் நார் வைத்தும் தேய்த்துப் பார்த்தாள். தோல் சிவந்து பையன் அழுததுதான் மிச்சம். காய்ச்சலுக்குக் கூட்டிப்போன இடத்தில் டாக்டர் காலரை விலக்கிப் பார்த்துவிட்டு, "இது அழுக்கு இல்லைம்மா, உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலேன்னு காட்டுது. எடையைப் பாருங்க" என்றார். வீட்டுக்கு வந்து ஸ்கூல் டைரியைப் புரட்டினால் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: போன வருஷம் 37 கிலோ, இந்த வருஷம் 46. எடை பார்த்திருக்கிறார்கள், எழுதியும் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறான் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகுதான் நான் தினமும் வண்டி போட்டு நிற்கும் அந்த வாசலையே ஒழுங்காகப் பார்த்தேன். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் அதிகமுள்ள தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளேயோ, கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள்ளேயோ விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டிருக்கிறது. மகள் போனில் படித்துக் காட்டினாள். மேஸ்திரி வேலை பார்க்கும் என் மச்சானிடம் டேப் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அளந்தேன். 50 மீட்டருக்குள் ஒன்பது கடை. முதல் கடை கேட்டிலிருந்து 7 மீட்டர். ஐந்து ரூபாய் சிப்ஸ் சரம் சரமாகப் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகிறது, பெரியவர்கள்தான் குனிந்து போக வேண்டும். பக்கத்திலேயே கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜ். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன், 100 மில்லிக்குச் சர்க்கரை 10 கிராமுக்கு மேல். 250 மில்லி குடித்தால் ஆறு டீஸ்பூனைத் தாண்டுகிறது. என் டீயில் மாஸ்டர் ஆறு ஸ்பூன் போட்டால் நான் சண்டைக்குப் போவேன்.

அதே வாசலில் மாங்காய்ப் பத்தையும் வேகவைத்த கடலையும் விற்கும் ஓர் ஆயாவும் உட்கார்ந்திருக்கிறது. உப்பும் மிளகாய்த்தூளும் கொஞ்சம் தூக்கல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடவடிக்கை என்று கிளம்பினால் முதலில் தூக்குவது அதன் கூடையைத்தான், ஃபிரிட்ஜ் அசையாது. அதனால்தான் புகார் எழுதும்போதே "கூடைக்காரர்களைத் துரத்த வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்தேன்.

புகாரை எங்கே கொடுப்பது என்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. ஓர் அலுவலகத்தில், "கடைக்கு லைசென்ஸ்தான் நாங்க. உள்ளே என்ன விக்கிறாங்கன்னு பார்க்கிறது ஃபுட் சேஃப்டி" என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், "ஸ்கூல்ல இருந்து லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார்கள். பள்ளியில், "கேட்டுக்கு வெளியே எங்களுக்கு என்ன சார் அதிகாரம்?" அந்த வாரம் மூன்று நாள் மதியச் சவாரி போனது. யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. அவரவர் சொன்னது அவரவர் அளவில் சரியாகவும் இருந்தது. அதுதான் தொல்லையே. சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் சர்க்கரை அளவை விளக்கும் பலகை வைக்கச் சொல்லி 2025-ல் சுற்றறிக்கை விட்டது, நல்ல விஷயம். என் பேரன் படிப்பது மெட்ரிக்கில்.

தின்பது ஒரு பக்கம், ஓடியாடுவது இன்னொரு பக்கம். என் சவாரிப் பிள்ளைகளில் மூன்று பேர் வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அவர்கள் நடந்தால் எனக்கு மாதம் மூவாயிரத்துக்கு மேல் நஷ்டம். இருந்தும் எழுதுகிறேன். ஏன் நடக்கவில்லை என்றால், நடைபாதையில் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், அதைத் தாண்டினால் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம், அதையும் தாண்டினால் வரிசையாகப் பைக். எந்தத் தாய் பத்து வயதுப் பிள்ளையைத் தண்ணி லாரி போகும் ரோட்டில் இறக்கி விடுவாள்? நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முன்னுரிமை என்று மாநகராட்சி 2014-லேயே கொள்கை முடிவு எடுத்திருக்கிறது. எங்கள் தெரு பில்லர் பாக்ஸுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

விளையாட்டுத் திடல் கதை தனி. பி.டி. பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்கிறார். சாயந்திரம் டியூஷன். இதற்கு நடுவில், மாநகராட்சியின் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட 2024-ல் தீர்மானம் போட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிட்டார்கள். கைவிட்டவரைக்கும் சந்தோஷம்.

துறைகள் ஒன்று சேராது என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். அக்டோபர் பிறந்தால் மழைக்காகச் சேர்கிறார்களே. மண்டலத்துக்கு ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியைப் போடுகிறார்கள். மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரியம், போலீஸ் எல்லாரையும் அவர் ஒரே போனில் பிடிக்கிறார். எங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் யாருடைய பைப், யாருடைய கால்வாய் என்று அப்போது யாரும் கேட்பதில்லை, மோட்டார் வந்துவிடுகிறது. டெங்கு வந்தால் பள்ளிக்கூடத்துத் தண்ணித் தொட்டிவரை ஏறிப் பார்க்கிறார்கள். 1920-லேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு போட்டது இந்த மாநகராட்சிதான். பிள்ளைகள் வயிற்றுக்கும் நகராட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு விட்டிருந்தால் அது நடந்திருக்காது.

நான் கேட்பது சின்னது. 200 வார்டிலும் ஒரே நாளில் வேண்டாம். எங்கள் மண்டலத்தில் ஒரே ஒரு பள்ளித் தெருவை எடுத்துக்கொள்ளட்டும். மழைக்குப் போடுவதுபோல இதற்கும் ஒரு பொறுப்பு அதிகாரி. உணவுப் பாதுகாப்பு அலுவலர், சுகாதார ஆய்வாளர், உதவிப் பொறியாளர், டிராஃபிக் போலீஸ், தலைமை ஆசிரியர் ஐந்து பேரையும் அவர் மாதம் ஒரு முறை அந்த வாசலிலேயே நிற்க வைக்கட்டும். ஏசி அறையில் வேண்டாம். பள்ளியில் எடுக்கும் எடைக் கணக்கு வட்டார நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகட்டும், ஒரே வருஷத்தில் ஒன்பது கிலோ ஏறினால் அங்கிருந்து வீட்டுக்கு ஒரு போன் வரட்டும். பிள்ளையை வகுப்பில் நிற்க வைத்து எடையைச் சத்தமாகப் படிப்பது மட்டும் வேண்டாம். என் பேரனை ஏற்கெனவே "குண்டா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் இப்போதெல்லாம் ஆட்டோவில் கடைசியாகத்தான் ஏறுகிறான், ஏன் என்று எனக்குத் தெரியும்.

பள்ளி விடுவது மாலை 3.40. நான் 3.20-க்கே வந்து வேப்ப மரத்தடியில் வண்டியைப் போட்டுவிடுவேன். எந்தத் துறை அதிகாரி வந்தாலும் சரி, மச்சானின் டேப்பை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

(கடைக்காரர்கள் தெரிந்தவர்கள். பெயர் போட வேண்டாம்.)

ஓர் ஆட்டோ ஓட்டுநர்,
அயனாவரம், சென்னை – 23