‘ஹிஸ்டீரியா’வின் பழைய மாஸ்டரும் கிடைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பக்கத்தில், பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான டெஃப் லெப்பர்டின் ‘ஹிஸ்டீரியா’ ஆல்பத்தின் ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியை மறுபடி சீர்செய்த பதிப்பு) பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். கிளாம் மெட்டல் என்றாலே தலைமுடியையும் மேக்கப்பையும் கேலி செய்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பாட்டைக் காது கொடுத்துக் கேட்டு எழுதிய கட்டுரையாளருக்கு என் நன்றி. ஆனால் அதில் ஒரு வரியை அப்படியே விட மனம் வரவில்லை. 2017 ரீமாஸ்டரில் டிரம்மர் ரிக் ஆலனின் டிரம்ஸ் மட்டும் முன்னுக்குக் கொண்டுவரப்பட்டிருக்கிறது என்கிறார்.

அது மாஸ்டரிங்கில் நடக்கிற வேலை அல்ல. குரல், கிட்டார், டிரம்ஸ் எல்லாம் தனித்தனி டிராக்குகளாக இருக்கும்போது எதை ஏற்றுவது, எதை இறக்குவது என்று தீர்மானிப்பது மிக்ஸிங். மாஸ்டரிங் செய்பவர் கைக்கு வருவது இடம், வலம் என்று இரண்டே டிராக்குகளாகக் கலந்து முடிந்த பாட்டு. அதன் அடிநாதத்தைக் கூட்டலாம், கீச்சுத்தன்மையைக் குறைக்கலாம், மொத்தச் சத்தத்தை ஏற்றலாம். டிரம்ஸ் கூடுதலாகக் கேட்கிறதென்றால், அதோடு சேர்ந்து மற்றதும் ஏறியிருக்கிறது.

இந்த ஆல்பத்தில் இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம், அதன் ஒலி உருவான விதம். 1984 டிசம்பர் 31 அன்று நடந்த கார் விபத்தில் ஆலன் இடது கையை இழந்தார். அந்தக் கையின் வேலையைக் கால் பெடல்களுக்கு மாற்றி, சிமன்ஸ் எலக்ட்ரானிக் டிரம்ஸில் முதலிலிருந்து பழகி, 1986 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டானிங்டன் ராக் விழா மேடையில் மறுபடி உட்கார்ந்தார். ஆல்பத்திலோ தயாரிப்பாளர் மட் லாங் டிரம்ஸ் ஒலிகளைச் சாம்பிள்களாக, அதாவது சிறு ஒலித் துண்டுகளாக எடுத்து, ஃபேர்லைட் என்ற கணினி இசைக்கருவி வழியாக ஒலிக்க வைத்தார். கிட்டார்களைப் பெரிய ஆம்ப்ளிஃபயரில் உறும விடாமல், ராக்மேன் என்ற கைக்கு அடக்கமான சிறு ஆம்ப்ளிஃபயர் வழியாகப் பதிவு செய்தார்கள். சில இடங்களில் ஒரு கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டின்) ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக வாசிக்க வைத்து அடுக்கினார்கள். பின்குரல்களும் அப்படியே, அடுக்குமேல் அடுக்கு. 1987 ஆகஸ்டில் வெளிவந்தபோதே ஒலி இறுக்கமாக நிரம்பிய ஆல்பம் இது. அதில் மூச்சு விட இருந்த இடம் கொஞ்சம்தான். சத்தத்தை ஏற்ற, உச்சங்களை அமுக்கும் லிமிட்டரைப் போட்டால் முதலில் பறிபோவதும் அந்த இடம்தான்.

‘காட்ஸ் ஆஃப் வார்’ பாட்டை இரண்டு பதிப்பிலும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். தொடக்கம் தூரத்தில் எங்கோ புகைவது போல மெல்ல வருகிறது, பிறகு மொத்த இசைக்குழுவும் சேர்ந்து இறங்குகிறது. 1987 சிடியில் அந்த இறக்கம் நெஞ்சில் அடிக்கும். புதியதில் தொடக்கமே பாதி உயரத்துக்கு ஏறிவிட்டது, அதனால் இசைக்குழு வந்து சேரும்போது அடி விழுவதில்லை. கடைசியில் குண்டுச் சத்தங்களுக்கு நடுவே ரீகன், தாட்சர் குரல்கள் கேட்கும் பகுதியிலும் எனக்கு இதே குறைதான். இரண்டின் சத்தத்தையும் வால்யூமில் சமப்படுத்திக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும். சமப்படுத்தாவிட்டால் சத்தம் கூடியதுதான் நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும்.

ஸ்ட்ரீமிங் தளங்கள் இப்போது எல்லாப் பாட்டையும் தாங்களே ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு). அதைத் தாண்டிச் சத்தமாக மாஸ்டர் செய்த பாட்டு அங்கே இறக்கப்படும், ஆனால் லிமிட்டர் நசுக்கியது நசுக்கியதுதான். பிறகு எதற்கு இந்த ஏற்றம்?

2017 பதிப்பு முழுக்க வீண் என்று நான் சொல்லவில்லை. அதில் வேலை பார்த்த ரோனன் மெக்ஹியூ இசைக்குழுவோடு நீண்ட காலமாக இருப்பவர். வினைல் வாங்குகிறவர்களுக்கு அது உண்மையிலேயே நல்ல செய்தி. 62 நிமிட ஆல்பத்தை அன்று ஒரே எல்பியில் அடைத்தார்கள், பக்கத்துக்கு 31 நிமிடம். 20 நிமிடத்தைத் தாண்டத் தாண்டத் தட்டின் வரிகளை நெருக்கிப் போட வேண்டிவரும், அதற்காக ஒலியளவையும் அடிநாதத்தையும் குறைக்க வேண்டிவரும். புதியது இரண்டு தட்டுகளாக வந்திருக்கிறது, வரிகளுக்குத் தாராளமாக இடம் கிடைத்திருக்கிறது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாதது எனக்கு வருத்தமே.

என் ஆதங்கம் பழைய மாஸ்டரைப் பற்றியது. இசை நிறுவனத்தோடு இருந்த டிஜிட்டல் வருமானத் தகராறில் இவர்களின் பாட்டுகள் பல ஆண்டுகள் ஸ்ட்ரீமிங்குக்கே வரவில்லை. 2012-ல் இசைக்குழுவே தன் பழைய பாட்டுகள் இரண்டை அச்சு அசலாக மறுபடி பாடிப் பதிவு செய்து விற்றது. 2018 ஜனவரியில்தான் பழைய ஆல்பங்கள் தளங்களுக்கு வந்தன. இன்றைக்கு முதன்முறையாகக் கேட்கும் இருபது வயதுக்காரருக்கு 1987-ன் ஒலி எப்படி இருந்தது என்று தெரிய, பழைய சிடி கடைகளில் தேடுவதைத் தவிர வேறு வழி வேண்டும். இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் கிளார்க் 1991-ல் இறந்துபோனார். அவர் உயிரோடு இருந்தபோது வந்த கடைசி ஆல்பம் இதுதான். அவர் கேட்டு, சரி என்று ஒப்புக்கொண்ட ஒலி புதியதன் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். புதியது பிடித்தவர்கள் அதைக் கேட்கட்டும்.

தங்கள் இசைப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ரீமாஸ்டர்களைப் பற்றி எழுதும்போது யார் செய்தது, மிக்ஸைத் தொட்டார்களா, பழைய பதிப்பு இப்போதும் கிடைக்கிறதா என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து அச்சிடுங்கள். அமெரிக்க கிளாம் மெட்டல் இசைக்குழுவான மோட்லி க்ரூவின் ‘டூ ஃபாஸ்ட் ஃபார் லவ்’ ஆல்பம் என்றைக்காவது இசைப் பக்கத்துக்கு வந்தால் இது கட்டாயம் தேவைப்படும். 1981-ல் அவர்கள் சொந்த நிறுவனத்தில் வெளியிட்டது ஒரு மிக்ஸ். 1982-ல் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்டது தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கர் செய்த வேறு மிக்ஸ், ஒரு பாட்டும் குறைவு. எதைக் கேட்டுவிட்டு எழுதுகிறார் என்பதைக் கட்டுரையாளர் முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டால் எங்களைப் போன்ற வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருச்சி