சேலத்து வெயிலுக்குக் கழற்றிய வால்வு

ஏற்காடு
மார்கழி 5

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. காபி பறிப்பு நடக்கிறது, ஆள் கிடைப்பதே பெரும்பாடு, அதனால்தான் தாமதம். இன்னொரு காரணம் என் மாருதி 800. உன் கல்யாணத்துக்கு ஓட்டி வந்தேனே, அதே வண்டிதான்.

சேலத்தில் இருந்தவரை அதில் ஹீட்டர் என்று ஒன்று இருந்ததே நினைவில்லை. அஸ்தம்பட்டி வெயிலில் அதை யார் தொடுவார்கள்? போன மாதம் ஒரு விடியற்காலையில் கீழே இறங்கும்போது முன் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கப் பனி படிந்துவிட்டது. துண்டால் துடைத்துத் துடைத்தே 20 கொண்டை ஊசி வளைவையும் கடந்தேன். வீட்டுக்காரி வழி நெடுக முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

விசிறிச் சத்தம் நன்றாகக் கேட்கிறது. வென்டில் கை வைத்தால் பூனை மூச்சு மாதிரிதான் காற்று, அதுவும் சில்லென்று. இரண்டும் ஒரே கோளாறு என்று நினைத்து ஒரு வாரம் வீணாக்கினேன்.

காற்றின் விஷயம் தற்செயலாகப் பிடிபட்டது. உள்காற்றையே சுற்றவிடும் பக்கம் லீவரைத் தள்ளினேன், பிய்த்துக்கொண்டு வந்தது. வெளிக்காற்றுப் பக்கம் தள்ளினால் மறுபடி முனகல். அப்படியென்றால் மோட்டாரில் குறையில்லை, வெளிக்காற்று நுழையும் இடத்தில்தான் அடைப்பு. வைப்பருக்குக் கீழே உள்ள ஜாலி வழியாகக் கையை விட்டேன். சில்வர் ஓக் இலை மட்கி, வடிகட்டிய டீச்சக்கை மாதிரி ஈரமாகப் பிடி பிடியாக வந்தது. கூடவே ஓர் எலிக்கூடு. பின்சீட்டு ஸ்பாஞ்சைப் பிய்த்து மெத்தை போட்டிருந்தது, ராஜபோகம்!

சரி, காற்று வந்தது. சூடு வரவில்லை. ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. இன்ஜினைச் சுற்றும் சுடுதண்ணீர்தான் (கூலன்ட் என்பது அதுதான்) இரண்டு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குப் போய் வருகிறது. அந்த இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஒன்று சுட்டு மற்றது ஆறியிருந்தால் ஒன்று ஹீட்டர் வால்வு மூடியிருக்கும், அல்லது குட்டி ரேடியேட்டருக்குள் அடைப்பு இருக்கும். இரண்டும் சுட்டால் சூட்டு லீவரின் கேபிளைப் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டுமே குழந்தையைக் குளிப்பாட்டும் பதம். கூலன்ட்டும் குறையவில்லை. இன்ஜினே சூடாகவில்லை என்று அர்த்தம்.

அப்போதுதான் நினைவு வந்தது. பல வருஷம் முன்பு சித்திரையில் மலையேறும்போது வண்டி கொதித்தது. சேலத்தில் ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்து, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குங்க?" என்றார்கள். நானும் தலையாட்டினேன். தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும்வரை அதை ஆறவைக்கும் பெரிய ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைப்பதே அந்த வால்வுதான். அன்றைக்குக் கொதித்ததற்குக் காரணம் அடைத்துப்போன ரேடியேட்டர். அதைச் சுத்தம் செய்து, புது வால்வும் போட்டாயிற்று. இப்போது மைலேஜும் தேறியிருக்கிறது.

உன் வண்டியில் ஹீட்டர் போட்டால் இனிப்பு வாடையும் கண்ணாடியில் பிசுக்கும் வருகிறது என்றாயே, அதைத் தள்ளிப்போடாதே. குட்டி ரேடியேட்டர் கசிந்தால்தான் அப்படி வரும். முன்பக்கக் கார்பெட்டைத் தூக்கிப் பார், ஈரம் இருக்கும். கூலன்ட் அளவை இன்ஜின் ஆறிய பிறகு பார். சூட்டோடு மூடியைத் திறந்துவிடாதே.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வா. வரும்போது குன்னூர் டீத்தூள் ஒரு கிலோ. காபித் தோட்டத்துக்காரன் டீ கேட்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்